ஊடல் வேறு, வன்முறை வேறு

தமிழ் அகப்பொருள் மரபில் ஊடலுக்குத் தனிச்சிறப்பு உண்டு. ஐந்திணையுள் மருதத்திற்கு ஊடலையே உரிப்பொருளாக வகுத்தனர் நம் முன்னோர். திருக்குறளின் இறுதி மூன்று அதிகாரங்களும் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என ஊடலைப் பற்றியே அமைந்துள்ளன. அறத்தில் தொடங்கிய நூல் ஊடலின் மகிழ்ச்சியில் நிறைவெய்துகின்றது என்பது எண்ணி மகிழத்தக்கது.

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பொன்றில் இப்பகுதியை நடத்திக்கொண்டிருந்தேன். படிக்கும்போதே திருமணமாகியிருந்த மாணவி ஒருவர் எழுந்து, "அம்மா, ஊடுவதற்கும் ஒரு துணிவு வேண்டுமே? அடி விழுகிற வீட்டில் எப்படி ஊடுவது?" என்று வினவினார். வகுப்பு சிரித்தது. நானும் புன்னகைத்துவிட்டு அடுத்த குறளுக்குச் சென்றுவிட்டேன்.

அடுத்த பருவத்தில் அம்மாணவி வகுப்புக்கு வரவில்லை. மாற்றுச் சான்றிதழ் வாங்குவதற்காகத் தம் தாயாருடன் வந்தபோதுதான் உண்மை தெரிந்தது. மும்முறை தாய்வீடு வந்திருக்கிறார்; மும்முறையும் பெரியவர்கள் பேசித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அன்று நானும் என் பங்குக்கு, "பொறுத்துக்கொள், ஒரு பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்றேன். அவர் ஒன்றும் கூறவில்லை. அந்த வினாவுக்கு நான் தரத் தவறிய விடையே இக்கட்டுரை.

ஊடலின் இலக்கணம்

கணவன் மனைவியரிடையே தோன்றும் பிணக்கைத் தமிழ் மரபு நுட்பமாகப் பகுத்துள்ளது. புலவி என்பது இளைய பிணக்கு. துனி என்பது முதிர்ந்த பிணக்கு. பிணக்கு உணவில் இடும் உப்பினைப் போல அளவோடு இருத்தல் வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. இவ்வளவு நுணுகிப் பகுத்த மரபிலே, ஊடலுக்கு வகுக்கப்பெற்ற துறைகளுள் கை ஓங்குவதற்கென ஒரு துறை இல்லை என்பதை நாம் கருத வேண்டும்.

மருதத்திணைத் தலைவன் குற்றமற்றவன் அல்லன். பரத்தையை நாடிச் சென்று மீள்பவன் அவன். ஆயினும் அவன் மீண்டு வரும்போது வாயிற்கதவு உடனே திறப்பதில்லை. அவன் பொருட்டுப் பாணன், விறலியர், இளையர், அறிவர் முதலானோர் தூதாக வருகின்றனர். 'வாயில்கள்' என இவர்களைத் தொல்காப்பியக் கற்பியல் பட்டியலிடும். தலைவி விரும்பினால் இசைவாள், விரும்பாவிடின் மறுப்பாள். முன்னதற்கு வாயில் நேர்தல் என்றும், பின்னதற்கு வாயில் மறுத்தல் என்றும் பெயர் உண்டு. மறுக்கும் உரிமைக்கு ஓர் இலக்கணப் பெயரே இருந்தது என்பது சிறிய செய்தியன்று.

எனவே ஊடலுக்கு அடிப்படை அச்சமின்மை எனலாம். 'நான் சினந்தாலும் என்னை இவர் துன்புறுத்தார். நான் மறுத்தாலும் என் உயிருக்கும் உணவுக்கும் இடர் வாராது' என்னும் உறுதி இருக்கும் இடத்திலேதான் ஊடல் பிறக்கும். அவ்வுறுதி அற்றுப்போன இடத்தில் பிறப்பது ஊடல் அன்று, வன்முறை. இவ்விரண்டையும் பிரித்தறியும் உரைகல் அச்சம் ஒன்றே. பெரியவர்கள் பலர் இரண்டையும் ஒன்றெனக் கொண்டு, "புருஷன் பெண்டாட்டி சண்டை, விடிந்தால் தீர்ந்துவிடும்" என்று கூறுவதால் நேரும் இழப்பு அளவிடற்கரியது.

வன்முறையின் வடிவங்கள்

வன்முறை என்றவுடன் அடியும் உதையுமே நம் நினைவுக்கு வருகின்றன. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் நான்கு வகையினை எடுத்துரைக்கின்றது. உடல்வழித் துன்புறுத்தல் முதலாவது. பாலியல் வழித் துன்புறுத்தல் இரண்டாவது. இழித்துரைத்தல், குழந்தையின்மையைச் சுட்டிப் புண்படுத்தல், அச்சுறுத்தல் முதலாகச் சொல்லாலும் உள்ளத்தாலும் வருத்துதல் மூன்றாவது. செலவுக்குப் பணம் தராமை, நகைகளைப் பறித்து விற்றல், அவளுக்குரிய உடைமையை அனுபவிக்க விடாமை முதலான பொருளாதாரத் துன்புறுத்தல் நான்காவது.

இந்நான்கிற்கும் உள்ளே ஓடும் நூல் ஒன்று உண்டு. அதுதான் ஆதிக்கம். எங்கே சென்றாய், யாரிடம் பேசினாய், ஏன் சிரித்தாய் என்று நாள்தோறும் கணக்குக் கேட்டல்; கைப்பேசியைப் பிடுங்கிச் செய்திகளை ஆராய்தல்; தாய்வீட்டுடன் பேச விடாமை; தோழியரிடமிருந்து பிரித்தல்; வேலையை விடச் செய்தல் ஆகியன இதன் அடையாளங்கள். எவான் ஸ்டார்க் என்னும் அமெரிக்க அறிஞர் 2007இல் வெளியிட்ட நூலில், இத்தகைய இடையறாத அடக்குமுறை ஒருவரின் சுதந்திரத்தையே பறிக்கும் குற்றம் என்று நிறுவினார். இங்கிலாந்தும் வேல்சும் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி இதனைத் தனிக் குற்றமாக்கின. ஒருமுறை கூட அடிக்காமலேயே ஒரு பெண்ணை வீட்டுக்குள் சிறைவைக்க இயலும் என்பதை இதனால் உணரலாம்.

மீண்டும் மீண்டும் சுழலும் சக்கரம்

"அடித்தவன்தான் அழுது மன்னிப்புக் கேட்டுவிட்டானே, இன்னும் என்ன?" என்று கேட்போர் உளர். லெனோர் வாக்கர் என்னும் உளவியலறிஞர், துன்புற்ற பெண்கள் பலரிடம் உரையாடி, 1979இல் வெளியிட்ட நூலில் இதற்கு விளக்கம் தந்தார். முதற்கட்டத்தில் வீட்டில் இறுக்கம் வளர்கின்றது. மனைவி ஒவ்வோர் அடியையும் அஞ்சி அஞ்சி எடுத்து வைக்கின்றாள். இரண்டாம் கட்டத்தில் வன்முறை வெடிக்கின்றது. மூன்றாம் கட்டத்தில் கண்ணீரும், பரிசும், இனிமேல் இல்லை என்னும் உறுதிமொழியும் வருகின்றன. பின்னர் மீண்டும் இறுக்கம் தொடங்குகின்றது. எல்லா வீடுகளிலும் இது இவ்வாறே நிகழும் என்பதில்லை. மன்னிப்பே கேளாத வீடுகளும் உண்டு. ஆயினும் மூன்றாம் கட்டத்தைக் கண்டு சமாதானம் ஆகிவிட்டது என்று முடிவு கட்டுதல் பிழை என்பதை இவ்வாய்வு உணர்த்துகின்றது. அழுகை திருந்தியதன் அறிகுறி அன்று. மாறிய நடத்தையே அறிகுறி.

எண்கள் கூறும் உண்மை

இஃது எங்கோ சில வீடுகளில் நிகழ்வது என்று நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் திருமணமான 18 முதல் 49 வயது வரையிலான பெண்களுள் நூற்றுக்கு 29 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியுள்ளனர். தமிழ்நாட்டில் இது நூற்றுக்கு 38. கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னிற்கும் நம் மாநிலம் இதில் நாட்டின் சராசரியைத் தாண்டி நிற்பது நாம் நாணத்தக்க செய்தியாகும்.

அதே ஆய்வு வேறிரு செய்திகளையும் தருகின்றது. சில காரணங்களுக்காகக் கணவன் மனைவியை அடிப்பது சரியே என்று கருதியோர், நாட்டளவில் ஆண்களுள் நூற்றுக்கு 44 பேர். பெண்களுள் 45 பேர். வன்முறைக்கு ஆளான பெண்களுள் உதவி நாடியவர் நூற்றுக்கு 14 பேர் மட்டுமே. பெரும்பாலோர் எவரிடமும் வாய் திறக்கவே இல்லை. இவ்விரு செய்திகளுக்கும் தொடர்புண்டு. அடிப்பது இயல்பு என்று அடிபடுபவளே நம்பும் சமுதாயத்தில் முறையீடு எங்ஙனம் எழும்? தாய் அடிபடக் கண்டு வளர்ந்த பெண்கள் தம் மணவாழ்விலும் அடிபடும் வாய்ப்பு மிகுதி என்பதனையும் அவ்வாய்வு காட்டுகின்றது. வீட்டில் நடப்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டேயிருக்கின்றனர். 'பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்' என்னும் அறிவுரை அப்பிள்ளைகளுக்கே தீங்காக முடிவதுண்டு.

அண்ணலார் காட்டிய முன்மாதிரி

நம் சமுதாயத்தில் இப்பொருளைப் பேசத் தொடங்கியவுடன் மார்க்கத்தின் பெயரால் ஒரு தயக்கம் எழுவதுண்டு. திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயத்து 34ஆம் வசனத்தின் விளக்கம் குறித்து உரையாசிரியர்கள் விரிவாகப் பேசியுள்ளனர். அதனை ஆய்தல் என் துறை அன்று. ஆனால் அவ்வசனம் எவருக்கு அருளப்பெற்றதோ அவர்தம் வாழ்வு நம் கண்முன் உள்ளது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எந்தப் பெண்ணையும், எந்தப் பணியாளரையும் தம் கையால் ஒருபோதும் அடித்ததில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். மனைவியே அளித்த சான்று இது. இதனினும் பெரிய விளக்கவுரை வேண்டுமோ?

மேலும் மூன்று நிகழ்ச்சிகள் ஈண்டு நினையத்தக்கன. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) என்னும் அம்மையார், தம்மைப் பெண் கேட்டு வந்தவர்களைப் பற்றி நாயகத்திடம் கருத்து வினவினார். அவர்களுள் ஒருவர் பெண்களை அடிக்கும் இயல்பினர் என்பதை நாயகம் மறைக்காமல் எடுத்துரைத்து, வேறொருவரை மணக்குமாறு கூறினார்கள். மாப்பிள்ளையின் வேலை, வருவாய், வீடு ஆகியவற்றைத் துருவித் துருவி விசாரிக்கும் நாம், கோபம் வந்தால் கை நீளுமா என்பதை விசாரிக்கின்றோமா? அறிந்தவர்களும் 'ஒரு கலியாணத்தைக் கெடுக்கலாமா' என்று வாய்மூடி இருப்பதன்றோ நம் வழக்கம்!

இரண்டாவது, ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் துணைவியார் பற்றியது. கணவரின் ஒழுக்கத்திலோ மார்க்கப் பற்றிலோ குறை கூறாமல், அவருடன் வாழ இயலவில்லை என்பதை மட்டுமே அவர் நாயகத்திடம் முறையிட்டார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தருமாறு கூறி, நாயகம் அவ்வம்மையாருக்கு மணவிலக்குப் பெற்றுத் தந்தார்கள். குலா என்னும் உரிமைக்கு இஃது எடுத்துக்காட்டாயிற்று. குறையே கூறாதவருக்கு விடுதலை கிடைத்தது. உடம்பெல்லாம் காயத்தோடு வருபவளை நாம் ஆதாரம் கேட்டுத் திருப்பி அனுப்புகின்றோம்.

மூன்றாவது, பரீரா (ரலி) அவர்களின் வரலாறு. அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றதும், அடிமையாகவே இருந்த கணவர் முஃகீஸை விட்டுப் பிரியும் உரிமை அவருக்குக் கிட்டியது, அவர் பிரிந்தார். கணவரோ மதீனத்துத் தெருக்களில் கண்ணீர் வடித்த வண்ணம் அவர் பின்னே திரிந்தார். மனமிரங்கிய நாயகம் பரீராவிடம் பரிந்து பேசினார்கள். இது கட்டளையா என்று பரீரா வினவினார். கட்டளையன்று, பரிந்துரை மட்டுமே என்னும் விடை வந்தது. அவர் மறுத்தார், அம்மறுப்பு ஏற்கப்பெற்றது. தமிழிலக்கியத்தில் நாம் கண்ட வாயில் மறுத்தலை இங்கு வரலாற்றிலேயே காண்கின்றோம். இத்தனைக்கும் முஃகீஸ் அடித்தவர் அல்லர், அன்பினால் அழுதவர். தூது சென்றவரோ இறைத்தூதர். அவர்தம் பரிந்துரையையே ஒரு பெண் மறுக்கலாம் எனின், நம் பரிந்துரையை மறுக்கும் பெண்ணை அடங்காதவள் என்று இகழ நமக்கு ஏது உரிமை?

சட்டம் தரும் பாதுகாப்பு

ஹனஃபீ மத்ஹபின்படி கணவனின் கொடுமையிலிருந்து விடுபடப் பெண்களுக்கு வழி அரிதாக இருந்தமை கண்டு, மவுலானா அஷ்ரஃப் அலீ தானவீ முதலான உலமாக்கள் மாலிக்கீ மத்ஹபின் தீர்ப்புகளைத் துணைகொண்டு தீர்வு கண்டனர். அதன் பின்னணியில் எழுந்ததே 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். மனைவியை வழக்கமாக அடித்தல் மட்டுமன்று, உடலைத் தீண்டாமலேயே கொடிய நடத்தையால் அவள் வாழ்வைத் துயரமாக்குதலும் மணமுறிவுக்குரிய காரணம் என அது கூறுகின்றது. அவளது உடைமையை விற்றுக் கைமாற்றுதலும் கொடுமையே என்கின்றது. இன்று பலரும் புதுமை எனக் கருதுவதை நம் முன்னோர் அன்றே ஏற்றுக்கொண்டனர்.

கணவனோ அவன் உறவினரோ செய்யும் கொடுமையைக் குற்றமாக்கும் 498அ என்னும் பிரிவு 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 85ஆம் பிரிவாக உள்ளது. மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. மேற்கூறிய 2005ஆம் ஆண்டுச் சட்டமோ 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கின்றது. எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான இச்சட்டத்தின் நோக்கம் முதற்கண் பாதுகாப்பே. துன்புறுத்தலைத் தடுக்கும் ஆணை, வீடு எவர் பெயரில் இருப்பினும் அதில் தொடர்ந்து வாழும் உரிமைக்கான ஆணை, செலவுத் தொகை, பிள்ளைகளின் பொறுப்பு, இழப்பீடு ஆகியவற்றை நடுவர் நீதிமன்றத்தில் கோரலாம். மணவிலக்குப் பெறாமலேயே இவற்றைப் பெற இயலும் என்பது பலர் அறியாத செய்தி. தாய், சகோதரி, மகள் ஆகியோரும் இச்சட்டத்தின் துணையை நாடலாம்.

மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரை அணுகலாம். 181 என்னும் பெண்கள் உதவி எண் நாளின் எந்நேரமும் இயங்குகின்றது. உடனடி இடருக்கு 112. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எதுவாயினும் பெண்களுக்கு வழக்கறிஞர் உதவி கட்டணமின்றிக் கிடைக்கும்.

பேசித் தீர்ப்போர்க்கு ஒரு வேண்டுகோள்

பிணக்கு முற்றினால் கணவன் தரப்பில் ஒருவரும் மனைவி தரப்பில் ஒருவருமாக நடுவர்கள் அமைய வேண்டும் என்பது திருமறையின் வழிகாட்டல். ஜமாஅத்துகள் இப்பணியைக் காலங்காலமாகச் செய்து வருகின்றன. எத்தனையோ குடும்பங்கள் இதனால் தழைத்துள்ளன. அப்பணி செம்மையுற ஐந்து கருத்துகளைப் பணிவுடன் முன்வைக்கின்றேன்.

முதலாவது, பெண்ணைத் தனியே அழைத்து, நம்பிக்கைக்குரிய பெண்ணொருவர் வாயிலாகக் கேளுங்கள். கணவன் எதிரே நிற்கும்போது அச்சமுற்றவள் உண்மை கூறாள். இரண்டாவது, இது கருத்து வேறுபாடா, அச்சமா என்பதை முதலில் அறியுங்கள். கருத்து வேறுபாட்டுக்கு இருவரையும் இணங்கச் செய்தல் பொருந்தும், அச்சத்துக்குப் பொருந்தாது. மூன்றாவது, கழுத்தை நெரித்தமை, கொன்றுவிடுவதாக மிரட்டியமை, கருவுற்றிருக்கையில் அடித்தமை ஆகியவற்றைக் கேட்டறியுங்கள். இவை உயிராபத்தின் முன்னறிகுறிகள் என ஆய்வாளர் கூறுவர். இங்குச் சமாதானம் பேசுதல் ஆகாது, பாதுகாப்பே முதற்கடன். நான்காவது, 'இத்தனை நாள் ஏன் இருந்தாய், இப்போது மட்டும் ஏன் வந்தாய்' என்று கேளாதீர்கள். பிரியும் காலமே மிகுந்த ஆபத்துக்குரிய காலம். அதனை அவள் நம்மினும் நன்கறிவாள். ஐந்தாவது, அவளுடைய படிப்புச் சான்றுகள், நிக்காஹ் சான்று, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, மருத்துவச் சீட்டுகள் ஆகியன அவள் கைக்கு வர உதவுங்கள். நூறு அறிவுரைகளினும் அவ்வுதவி பெரிது.

மாணவ மணிகளுக்கு

நல்ல உறவின் இலக்கணத்தை இளமையிலேயே அறிதல் வேண்டும். சந்தேகம் மிகுந்த அன்பின் அடையாளம் என்று திரைப்படங்கள் உங்களுக்குக் கற்பித்திருக்கலாம், அது பொய். மறுப்பைக் கேட்டும் அமைதி காப்பதே அன்பின் அடையாளம். கருத்து மாறுபட்டால் வாய் திறந்து கூற முடிகின்றதா? பெற்றோரையும் நண்பரையும் தயக்கமின்றிப் பார்க்க முடிகின்றதா? உழைத்து ஈட்டிய பணத்தில் உங்களுக்கும் உரிமை உண்டா? தவறு செய்தவர் தவறு என்று ஒப்புகின்றாரா, அல்லது 'நீதான் என்னை அடிக்க வைத்தாய்' என்கின்றாரா? இவ்வினாக்களுக்கான விடையே அவ்வுறவின் நிலையைக் காட்டிவிடும்.

ஆண்பிள்ளைகளுக்கு ஒரு சொல். கோபம் தாங்க முடியவில்லை, அதனால் அடித்தேன் என்பர் சிலர். அத்தகையோர் தம் மேலதிகாரியின் மீது கை ஓங்குவதில்லையே! ஆகவே அது கட்டுப்படாத கோபம் அன்று. எவரிடம் காட்டலாம் என்று தேர்ந்தெடுத்த கோபம். தேர்ந்தெடுத்ததை விடவும் மனிதனால் இயலும்.

ஒரு தோழி தன் துயரைக் கூறினால் முதலில் நம்புங்கள். 'இது உன் குற்றம் அன்று' என்று கூறுங்கள். அவள் இசைவின்றி எவரிடமும் உரையாதீர்கள். முடிவெடுக்கும் உரிமையை அவளிடமே விடுங்கள்; துணை நில்லுங்கள்.

நிறைவாக

மனைவியைக் குறிக்கத் தமிழில் எத்தனையோ சொற்கள் உள. வள்ளுவர் தம் அதிகாரத்திற்குத் தேர்ந்த பெயர் வாழ்க்கைத் துணைநலம் என்பது. அச்சம் குடிகொண்ட வீட்டில் துணை என்னும் சொல்லுக்கே பொருளில்லை.

வரும் பருவத்திலும் நான் ஊடலுவகை நடத்த வேண்டும். அம்மாணவி கேட்ட வினாவை வேறொரு மாணவி கேட்கக்கூடும். கேளாமல் மனத்துள் அடக்கிக்கொண்டும் இருக்கக்கூடும். இம்முறை நானே அவ்வினாவை எழுப்பிவிட்டுப் பாடத்தைத் தொடங்குவதாக இருக்கின்றேன். பள்ளிவாசலிலும், மதரஸாவிலும், ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் பெரியோர்களும் அதனை எழுப்புவார்களாக. நம் பெண்மக்கள் அச்சமின்றி ஊடும் இல்லங்கள் நம்மிடையே பெருகுவனவாக!